ஆக்சிஜன், வயிற்று ட்யூபோடு இருக்கும் குழந்தையைக் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

மல்லித்தோட்டம், தங்கச்சிமடம்

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை இந்தக் குழுவில் வாசித்ததோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. என்னை மாதிரி வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்கள் சொன்னால்தான் என் மனசு ஏற்கும்.

என் மகளுக்கு ஐந்து வயது. பிறக்கும்போது மூச்சு முட்டி மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் போய்விட்டது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதித்ததால் கை கால் கட்டுக்குள் வராது, அதோடு ஃபிட்ஸ். விழுங்க வராததால் வயிற்றில் ட்யூப் வைத்திருக்கிறது, பால், கஞ்சித் தண்ணி, மருந்து எல்லாம் அது வழியாகத்தான். சளியை இருமித் துப்பத் தெரியாது, சக்‌ஷன் மெஷினால் எடுக்க வேண்டும். பகலில் மூச்சு நன்றாக இருக்கிறது. ராத்திரி தூங்கும்போது மட்டும் ஒரு லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஃபிட்ஸ் மருந்து காலை எட்டு, ராத்திரி எட்டு. அவளுக்கு மேலே மூத்தவன் ஒருத்தன், ஒன்பது வயது.

என் வீட்டுக்காரர் மல்லிகை நாற்றுப் போட்டு விற்கிறார். அவர் பிறந்த வீடு இதே ராமேஸ்வரம் தீவில், பாம்பன். அங்கே டிசம்பர் 24 ராத்திரி அண்ணன் தம்பி, நாத்தனார், பிள்ளைகள் என்று எல்லாரும் கூடிவிடுவார்கள். குடில் வைத்து, முறுக்கும் அதிரசமும் சுட்டு, பாதி ராத்திரிப் பூசைக்குப் போய்விட்டு வந்து வெடி போட்டு, விடிந்ததும் பிரியாணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். பாப்பா பிறந்ததிலிருந்து நாங்கள் ஒன்றாகப் போனதே இல்லை. அவர் மட்டும் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருவார், நானும் பாப்பாவும் இங்கே இருப்போம். அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஸ்டார் எரியும். நான் போட மாட்டேன். யாருக்காகப் போடுவது என்று தோன்றும்.

இந்த வருஷம் அவருடைய அண்ணன் குவைத்திலிருந்து வருகிறார். பாப்பாவை அவர் போனில் பார்த்ததுதான், நேரில் பார்த்ததில்லை. அயித்தை தினமும் போன் போட்டு, ‘பிள்ளையைத் தூக்கிட்டு வாங்கத்தா, எல்லாரும் இருக்கோம்ல, பாத்துக்கிடுவோம்’ என்கிறார். பாத்துக்கிடுவோம் என்று சொல்கிறவர்களில் ஒருவருக்குக்கூட சக்‌ஷன் போடத் தெரியாது. ஆனால் அவர்கள் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது. இன்வெர்ட்டர் கிடையாது. மழைக்காற்று பலமானால் கரண்ட் போய்விடும். ஒரே ஹால், அதில் இருபது பேர். குடிலைச் சுற்றி மெழுகுவர்த்தி. வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கிற ஆட்கள். ‘நாக்குல தொட்டு வைக்கிறதுல என்ன ஆயிரப் போவுது’ என்று கேக்கைத் தடவிவிடுவார்கள். நான் நாலு பேர் முன்னால் தடுத்தால் ‘படிச்ச திமிரு’ என்பார்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மூத்தவன். பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் வீட்டுப் பண்டிகை’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். பாம்பன் அப்பத்தா வீடு, அங்கே இருக்கிற குடில், பெரியப்பா பிள்ளைகள், எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. தங்கச்சியைப் பற்றியும் இல்லை.

போகலாமா, வேண்டாமா? போனால் எப்படி? போகாவிட்டால் இங்கேயே பண்டிகை மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வார்டு அக்கா, ராமநாதபுரம்

தங்கச்சி, நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போவதா வேண்டாமா என்பதை நீங்களும் பாப்பாவைப் பார்க்கும் டாக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும். போனாலும் இருந்தாலும் கவனிக்க வேண்டியதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் மெழுகுவர்த்தி. கிறிஸ்துமஸ் என்றதும் என் நெஞ்சு அதற்குத்தான் படபடக்கிறது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் எரிகிற எதையும் பல மடங்கு வேகமாக எரியவிடும். போர்வை, தலைமுடி, கவுன் எல்லாவற்றிலும் ஆக்சிஜன் ஊறி நிற்கும், மெஷினை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அதனால் மூக்கிலிருந்து குழாயை எடுத்த கையோடு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குடில் பக்கம் போகக் கூடாது. மெழுகுவர்த்தி, சாம்பிராணி, கம்பி மத்தாப்பு, அடுப்பு எதுவாக இருந்தாலும் பத்தடிக்கு அப்பால். குடிலுக்குப் பேட்டரியில் எரிகிற சின்ன விளக்குகள் கிடைக்கின்றன, அதை வையுங்கள். மூக்கு காய்கிறதே என்று எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். எண்ணெய் இல்லாமல் தண்ணீரில் செய்த ஜெல் கேட்டு வாங்குங்கள்.

சீரியல் பல்பு பட்படவென்று அடிக்கிற மாதிரி இல்லாமல், நிலையாக எரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். ஃபிட்ஸ் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மின்னல் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது என்பதில்லை, சிலருக்குத்தான். ஆனால் நிலையாக எரிந்தாலும் ஸ்டார் ஸ்டார்தானே. அதைவிடப் பெரிய விஷயம் தூக்கம். ராத்திரி முழுக்க முழித்திருப்பதும் எட்டு மணி டோஸ் தள்ளிப்போவதும் ஃபிட்ஸை இழுத்துக்கொண்டு வரும். பண்டிகை நாளில் பிள்ளைகளை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்கு நான் பார்த்த முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான். பூசை எவ்வளவு பெரிசாக இருந்தாலும் பாப்பாவுக்கு எட்டு மணி மருந்து, ஒன்பது மணித் தூக்கம்.

கரண்ட் விஷயம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மெஷின் 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். வீட்டில் சாதாரணமாக மாட்டுகிற 150 ஏஎச் பேட்டரி ஒன்று இருந்தால், அதை மட்டும் ஓட்டினாலும் மூன்று மணி நேரம்தான் வரும். அதை நம்பி ராத்திரியைத் தள்ள முடியாது. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் என்றால் கணக்குப்படி 25 மணி நேரம், நீங்கள் 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 24, 25 தேதிகளில் நிரப்பித் தருகிற கடைகள் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு, முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். போன வருஷங்களில் அடித்த மழை உங்களுக்குத் தெரியாததில்லை. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தீவே தண்ணீரில் நின்றது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் வேறு யோசனையே வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.

வயிற்று ட்யூபில் பாயசமோ, கேக்கைக் கரைத்தோ ஊற்ற யாரையும் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தூக்குகிற அவசரத்தில் யாராவது இழுத்து ட்யூப் வெளியே வந்துவிட்டால், அந்த ஓட்டை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும். சுத்தத் துணியால் மூடிக்கொண்டு, மாற்று ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்றுவதற்கு உங்களுக்குப் பழக்கிக் கொடுத்திருந்தால் மட்டுமே நீங்கள் கை வைக்கலாம்.

நாக்கில் தொட்டு வைப்பதைப் பற்றி உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பிள்ளைகளுக்கு நுரையீரலுக்குள் போனாலும் பல நேரம் இருமல் வராது, முகம்கூட மாறாது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலாகத்தான் தெரியும். ‘ஒண்ணும் ஆகலியே’ என்று சொன்னவர்கள் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

பயணி, சென்னை

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது எதற்கு யோசனை? குழந்தையின் உயிரைவிடப் பண்டிகை பெரிதா? இந்த வருஷம் வேண்டாம். பாப்பா கொஞ்சம் தேறட்டும், அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்து கொண்டாடுங்கள்.

மல்லித்தோட்டம், தங்கச்சிமடம்

அக்கா, நீங்கள் எழுதியதை நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டேன். ரொம்ப நன்றி.

சென்னைக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார் என்று புரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு இது தேறுகிற நோய் இல்லை. அடுத்த வருஷம் எப்படி இருப்பாள் என்று எந்த டாக்டரும் எங்களுக்கு வாக்குக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் நிமோனியா வந்துவிட்டுப் போகிறது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி ஐந்து வருஷம் போய்விட்டது. அவள் அப்பத்தா மடியில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெரியப்பா குரலைக் கேட்டால் போனிலேயே கண்ணைத் திருப்புகிறாள். அவளுக்கு அவர்கள் எல்லாரும் வேண்டும். ஆபத்தில்லாமல் எப்படி என்பதுதான் என் கேள்வி.

கீழக்கரை உம்மா

லாத்தா என்று கூப்பிடுவதா தங்கச்சி என்று கூப்பிடுவதா தெரியவில்லை, தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு எஸ்எம்ஏ, தசை பலமிழந்து போகிற நோய். பன்னிரண்டு வயது. மூளை கத்தி மாதிரி, உடம்பு மட்டும் ஒத்துழைக்காது. ராத்திரியில் மூச்சுக்கு உதவுகிற பைபாப் மெஷின் போட்டுத்தான் தூங்குவான். இருமலுக்குப் பலம் கிடையாது. அதனால் மற்றவர்களுக்கு மூக்கு ஒழுகினால் போய்விடும் ஜலதோஷம் அவனை ஐசியூவில் படுக்க வைத்துவிடும். கீழக்கரைப் பெருநாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவர்களெல்லாம் ஊருக்கு வந்துவிடுவார்கள். தொழுகை முடிந்ததும் காலையிலிருந்து வீடு வீடாகக் கூட்டம். கட்டிப்பிடித்து சலாம் சொல்வதுதான் பெருநாளே. அத்தர் வாசனை, சாம்பிராணிப் புகை, அதற்குள் ஒரு சஹனை, அந்தப் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. என் மகனுக்கு ஆகாதது எல்லாம் அன்றைக்கு ஒரே வீட்டில் இருக்கும்.

நாங்கள் செய்தது இதுதான். பெருநாளை இரண்டாகப் பிரித்துவிட்டோம். வீட்டுக்குள் சாப்பாடும் கூட்டமும் ஒரு பக்கம். மகனுடைய பெருநாள் தெருப் பக்கத்து அறையின் ஜன்னலில். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை அவன் புதுச் சட்டை போட்டுச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். மாமா, சாச்சா, காக்காமார், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் தெருவில் நின்று ஜன்னல் வழியாக சலாம் சொல்லி, பெருநாள் காசை அவனுடைய டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல அவன் தங்கச்சி நோட்டில் எழுதுவாள். மச்சான் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்று அவனிடம் வம்பு வளர்ப்பார்கள். எங்கள் தெருவில் இப்போது பெருநாள் என்றால் அந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி ஒருத்தரும் வருவதில்லை.

இதில் நான் முக்கியம் என்று நினைப்பது ஒன்று உண்டு. அந்த விதியை நான் சொல்லவில்லை. என் உம்மா சொன்னார்கள். ‘என் பேரனை ஜன்னல்லதான் பாக்கணும், உள்ள வரணும்னா கை கழுவணும், சளி இருந்தா இந்தப் பெருநாளுக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாங்க’ என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொன்னால் திமிர். பெரியவர்கள் சொன்னால் மரியாதை. எங்கள் ஊரில் கல்யாணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பது வழக்கம், அதனால் எனக்கு அது லேசாக அமைந்தது. உங்களுக்கு மாமியார் வீடு. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அயித்தையையே காவலுக்கு வையுங்கள். அவர்களைத் தனியாக உட்கார வைத்து, சக்‌ஷன் போடுவதை ஒரு தடவை காட்டுங்கள். எதற்காகக் கை கழுவ வேண்டும், எதற்காக நாக்கில் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். பிறகு, ‘அயித்தை, அன்னைக்குப் பாப்பா உங்க பொறுப்பு, யாரையும் முகத்துப் பக்கம் விடாதீங்க’ என்று ஒப்படைத்துவிடுங்கள். அவர்கள் இத்தனை வருஷமாகக் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேத்திக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை.

தொடாதே என்று மட்டும் சொன்னால் மனசு நோகும். எங்கே தொடலாம் என்றும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் கால். கை கழுவிவிட்டு வந்து காலைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். உள்ளங்காலைத் தடவினால் என் மகன் சிரிப்பான்.

சாப்பாட்டைப் பற்றி. எங்கள் தொதல் அல்வா உங்களுக்குத் தெரியும், பசை மாதிரி ஒட்டும். அதை அவன் பக்கம் கொண்டுபோகவே மாட்டோம். ஆனால் தொதல் கிண்டும்போது அடுப்புப் புகை வராத தூரத்தில் அவனை உட்கார வைத்து வாசனை பிடிக்க விடுவோம். உங்கள் பாப்பாவுக்கும் வாய் வழியாகத்தான் பண்டிகை போக வேண்டும் என்றில்லை. ஏலக்காய் இடிக்கிற வாசனை, புதுத் துணி மொடமொடப்பு, அண்ணன் பாட்டு, இதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக மூத்தவனைப் பற்றி. என் மகளும் அதே மாதிரிதான் இருந்தாள். இப்படிப்பட்ட வீட்டில் மற்றப் பிள்ளைகள் எப்போதும் ‘தங்கச்சியப் பாத்துக்க’, ‘சத்தம் போடாத’, ‘சக்‌ஷன் டப்பாவ எடு’ என்பதையே கேட்டு வளர்கிறார்கள். பண்டிகை அன்றைக்கு அவனுக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது அவனுக்கு மட்டும் அம்மாவாக இருங்கள். பெருநாள் சாயங்காலம் நான் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். மகன் அவன் வாப்பாவோடு இருப்பான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறாள்.

இன்னொன்று. எங்களுக்குப் பிறை பார்த்தால்தான் மறுநாள் பெருநாள் என்று தெரியும். அதனால் நோன்பு 28இலேயே மருந்து, டிஷ்யூ, மாஸ்க், தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிடுவோம். உங்களுக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி மச்சான் வீட்டுப் பிள்ளைகள் வரை இப்போதே கேளுங்கள். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

விசைப்படகு, மண்டபம்

தங்கச்சி, இதை உங்க வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி, என் பையனுக்குக் கழுத்தில் துளை போட்டு ட்யூப் வைத்திருக்கிறது. சக்‌ஷன் நானும் போடுவேன், என் வீட்டுக்காரியும் போடுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவிடம் நின்று பழகிக்கொண்டேன். கடலில் வலை இழுக்கிற கை, இது நடுங்குமா என்று நினைத்தேன். முதலில் நடுங்கத்தான் செய்தது. பழகிவிடும். கிறிஸ்துமஸுக்குப் படகு போகாது. அந்த ராத்திரி நான் பையனோடு இருப்பேன். என் வீட்டுக்காரி அவள் அக்காவோடு பாதி ராத்திரிப் பூசைக்குப் போவாள், நிதானமாகச் சேலை கட்டிக்கொண்டு. உங்கள் வீட்டில் ஐந்து வருஷமாக நீங்கள் போகிறீர்கள், தங்கச்சி வீட்டில் இருக்கிறார். இந்த வருஷம் மாற்றிப் பாருங்கள்.

பாம்பன் தூரம் என்று பயப்பட வேண்டாம். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் வழியாகத்தானே வர வேண்டும்? பாம்பனில் இருந்தால் அஞ்சு கிலோமீட்டர் மிச்சம். சிக்கல் பாம்பன் பாலத்தில்தான். அரையாண்டு லீவு, ஐயப்ப சாமிமார் கூட்டம், டூரிஸ்ட்டுகள் வண்டிகளைப் பாலத்திலேயே நிறுத்திக் கடலைப் பார்ப்பார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் நகரவே நகராது. தீவுக்கு ஒரே ரோடுதான். 1988க்கு முன்னால் அதுவும் இல்லை, ரயில்தான். அதனால் பாம்பனுக்குக் காலையில் போய்விட்டு மதியத்தில் திரும்பிவிடுங்கள். 108க்குப் போன் போட வேண்டி வந்தால் ‘சக்‌ஷன், ஆக்சிஜன் வேணும், சின்னப் பிள்ளை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கோயிலுக்குத் தூக்கிப் போக ஆசை இருந்தால், கூட்டமில்லாத ஒரு வார நாளில் காலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலுக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். எல்லாச் சாதி சனமும், துலுக்கமாரும் வந்து கும்பிடுகிற இடம். நல்ல காற்று, கூட்டம் இருக்காது.

மல்லித்தோட்டம், தங்கச்சிமடம்

உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது.

மண்டபம் அண்ணன் எழுதியதை அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிவிட்டு, ‘எனக்குக் கத்துக் குடு’ என்றார். இப்போது ராத்திரி சக்‌ஷன் அவர்தான் போடுகிறார். எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்று குழாயில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை.

அயித்தையை நேற்று இங்கே வரச் சொல்லிப் பேசினேன். கீழக்கரை லாத்தா சொன்னது அப்படியே சரி. சக்‌ஷன் போடுவதைப் பார்த்துவிட்டு அழுதார்கள். ‘எங்க வீடு உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்த்தா’ என்றார்கள். இத்தனை வருஷமும் அவர்கள் மனசில் அது இருந்திருக்கிறது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோப்பா டெட்டாலா, வாசலில் வாளி வைக்கட்டுமா குழாயடிக்கு அனுப்பட்டுமா என்று கேள்வி மேல் கேள்வி. காவலுக்கு ஆள் தயார்.

திட்டம் இதுதான். 24 ராத்திரி பாப்பா எங்கள் வீட்டில், அவர் கூட இருப்பார். நான் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு பாதி ராத்திரிப் பூசைக்குப் போகிறேன். நானும் அவனும் மட்டும். 25 காலை எட்டு மணி மருந்து கொடுத்து, பால் ஏற்றி, ஒரு மணி நேரம் சாய்த்து உட்கார வைத்துவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குப் பாம்பன். பகலில் அவளுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆனாலும் சிலிண்டர் வண்டியில் வரும். முன் அறை அவளுக்கு மட்டும். அந்த நேரத்தில் மெழுகுவர்த்தி கிடையாது, வெடி கிடையாது. வெடியை ராத்திரியே போட்டு முடித்துவிடச் சொல்லி அவருடைய அண்ணனே பிள்ளைகளிடம் பேசிவிட்டார். குவைத்திலிருந்து விமானத்தில் வருவதால் சளி ஏதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாப்பாவைப் பார்ப்பேன் என்று அவராகவே சொன்னார். எல்லாரும் அறைக்குள் மூன்று மூன்று பேராக வந்து காலைத் தொட்டுப் பேசுவார்கள். அடுத்த பால் பன்னிரண்டு மணிக்கு அங்கேயே. அது முடிந்து ஒரு மணி நேரம் சாய்ந்து இருந்த பிறகு திரும்பிவிடுவோம். பிரியாணி பார்சல் வந்துவிடும்.

வீட்டிலும் குடில் வைக்கிறோம். வைக்கோல் தூசி அவளுக்கு ஆகாது என்று மூத்தவனே யோசித்துப் பனையோலையில் கூரை போட்டுக்கொண்டிருக்கிறான். வேலை கொடுக்கக் கூடாது என்று லாத்தா சொன்னார்கள், இது அவனாகக் கேட்டு வாங்கிய வேலை. ஸ்டாரும் வாங்கியாகிவிட்டது. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பாட்டுப் பாடி வருகிற பையன்களிடம், எங்கள் வாசலில் மட்டும் மேளம் அடிக்காமல் பாடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். திடீர்ச் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப் போடும். பாட்டு அவளுக்குப் பிடிக்கும்.

வார்டு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி. பாம்பனில் ஃபிட்ஸ் வந்தால் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே கையில் இருக்கிறது. அதை அயித்தையிடம் சொல்லி வைக்கவா, நாங்களே வைத்துக்கொண்டால் போதுமா?

வார்டு அக்கா, ராமநாதபுரம்

தங்கச்சி, ஸ்ப்ரே உங்கள் இரண்டு பேரில் ஒருவர் சட்டைப் பையிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும், பைக்குள் வேண்டாம். எங்கே இருக்கிறது என்பது மட்டும் அயித்தைக்குத் தெரிந்தால் போதும், அவர்கள் அடிக்க வேண்டியதில்லை. ஃபிட்ஸ் ஆரம்பித்த உடனே கடிகாரத்தைப் பார்க்கிற வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். உங்களுக்கு டாக்டர் எத்தனை நிமிஷம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரோ அதுதான் கணக்கு, பொதுவாக ஐந்து நிமிஷம். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்க விடாதீர்கள், சாவி, இரும்பு எதுவும் கையில் கொடுக்க விடாதீர்கள். ஸ்ப்ரே அடித்தும் நிற்கவில்லை என்றால் 108.

பாப்பாவின் நோய், எடை, எல்லா மருந்தும் எத்தனை எம்எல் என்பது, கடைசியாகப் பார்த்த டாக்டர் சீட்டு, இதை ஒரே தாளில் எழுதி இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வண்டியில், ஒன்றை அயித்தை வீட்டில் வையுங்கள். புது டாக்டருக்கு அவசரத்தில் நீங்கள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சக்‌ஷன் மெஷினை 24 ராத்திரி முழுக்கச் சார்ஜில் போடுங்கள். காலால் மிதிக்கிற சக்‌ஷன் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 23ஆம் தேதி பாப்பாவுக்குச் சளியோ காய்ச்சலோ லேசாகத் தெரிந்தாலும் பாம்பன் பயணம் இல்லை, அப்பத்தா உங்கள் வீட்டுக்கு வரட்டும். அதையும் இப்போதே அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.